கொக்கு போட்ட வெப்சைட்

இந்தக் கதையைத் தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று கொஞ்ச நாளாக எனக்குச் சோறு இறங்கவில்லை. நான் எட்டாவதோடு பள்ளிக்கூடம் விட்டவள். கதையோ வெப்சைட் பற்றியது. கம்ப்யூட்டர் விஷயத்தில் தப்பு வந்தால் படித்தவர்கள் சிரிப்பார்கள். காட்டு விஷயத்தில் தப்பு வந்தால் காடு தெரிந்தவர்கள் சிரிப்பார்கள். எருமையைப் பற்றிக் கூடக்குறைய ஏதாவது சொல்லிவிட்டால் அவ்வளவுதான், எங்கள் தெருவுக்குப் பால் ஊற்றுகிறவர் கோபக்காரர். சரி, வாயைத் திறந்தாயிற்று. சொல்லி முடித்துவிடுகிறேன்.

ஒரு காட்டில் வெள்ளையம்மா என்று ஓர் உண்ணிக்கொக்கு இருந்தாள். எருமைகளின் மேல் ஏறி உண்ணி பொறுக்குவதுதான் அவள் தொழில். பொறுக்கியதை அங்கேயே தின்பாள், மிச்சத்தை நாவல் மரத்துக் கூட்டில் இருக்கும் இரண்டு குஞ்சுகளுக்குக் கொண்டுபோவாள். தொழிலும் அதுதான், சாப்பாடும் அதுதான்.

அந்தக் காட்டில் ஒரு வழக்கம் உண்டு. கேட்காமல் எருமை மேல் ஏறக் கூடாது. "அண்ணே, முதுகுல ஏறலாமா?" என்று கேட்க வேண்டும். எருமை சரி என்றால் ஏறலாம். பிறகு கழுத்துக்குத் தனியாகக் கேட்க வேண்டும், காதுக்குத் தனியாகக் கேட்க வேண்டும். முதுகுக்குச் சரி சொன்னவர் காதுக்கும் சேர்த்துத்தான் சொன்னார் என்று எடுத்துக்கொள்வது பெரிய மரியாதைக் கேடு. எருமையும் லேசுப்பட்டது அல்ல. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் நகர்வதை அது கேவலமாக நினைக்கும்.

இப்படி இருக்கும்போது காட்டுக்குள் போன் வந்தது. எப்படி வந்தது என்று என்னைக் கேட்காதீர்கள். எங்கள் வீட்டுக்குள் எப்படி வந்தது என்பதே எனக்குத் தெரியவில்லை. எருமைகள் குளத்தங்கரையில் ஒரு கல்லில் போனைச் சாய்த்து வைத்து, மூக்கால் அழுத்திப் பார்க்கப் பழகிவிட்டன. குளம்பால் அழுத்தியவர்களின் போன் கண்ணாடி எல்லாம் உடைந்துபோயிற்று.

புஷ்பலீலா என்ற மைனாவும் உண்ணி பொறுக்குகிறவள்தான். வாய்க்காரி. அவள் யாரையோ பிடித்து ஒரு வெப்சைட் போட்டுவிட்டாள். அதில் ஓர் உண்ணியை யானை அளவுக்குப் பெரிதாகக் காட்டி, கீழே "உங்கள் காதில் இது இருக்கிறதா?" என்று எழுத்தை ஓடவிட்டிருந்தாள். பார்த்த எருமைகளுக்குக் காது அரிக்க ஆரம்பித்தது. எல்லோரும் மைனாவின் மரத்தடிக்குப் போனார்கள்.

வெள்ளையம்மா பெரிய எருமையான கருமலையானிடம் போய்க் கேட்டாள். "என்னண்ணே, நம்ம பக்கம் வர்றதே இல்லையே?"

"உன்ன போன்ல காணோமே, தங்கச்சி."

"நேர்ல நிக்கிறேனேண்ணே!"

"நேர்ல யாரு பார்க்கிறாங்க?" என்று சொல்லிவிட்டு அவர் அசை போட்டார்.

அன்று குஞ்சுகளுக்கு ஒரு வெட்டுக்கிளிதான் கிடைத்தது. மழைக்கு முன்னால் இறக்கை முளைத்துப் பறந்தாக வேண்டிய குஞ்சுகள். ஒரு வெட்டுக்கிளியில் எப்படி இறக்கை முளைக்கும்? வெள்ளையம்மா முடிவு செய்தாள். யாரையும் கெஞ்சப் போவதில்லை. தானே கற்றுக்கொண்டு தானே வெப்சைட் போடுவது.

போனில் ஒரு கிளி இலவசமாகப் பாடம் நடத்தியது. எதைச் சொன்னாலும் முதலில் "ரொம்ப ஈஸி ஃபிரண்ட்ஸ்" என்று சொல்லும். சொன்னதையே திரும்பவும் சொல்லும். கிளி அல்லவா. முதல் பாடத்தில் ஒரு பக்கத்துக்குத் தலை உண்டு, உடம்பு உண்டு, கடைசியில் ஒரே ஒரு கால் உண்டு என்றது. வெள்ளையம்மாவுக்கு மனம் குளிர்ந்துபோயிற்று. ஒரே காலில் நிற்கிறது என்றால் அது நம்ம சாதிதான் என்று நினைத்தாள்.

முதல் பக்கத்தை ஆசையாக எழுதினாள். தன் நிறம் போல் அழகு எது என்று பின்னணிக்கு வெள்ளை கொடுத்தாள். அதே காரணத்துக்காக எழுத்துக்கும் வெள்ளை கொடுத்தாள்.

மைனா வந்து எட்டிப் பார்த்தாள். "அக்கா, உங்க வெப்சைட்டு ரொம்பச் சுத்தமா இருக்கு."

"போடி, உனக்குப் பொறாமை."

பிறகு எழுத்தைக் கறுப்பாக்கினாள். ஒரு பெட்டியை நடுவில் வைக்கப் பார்த்தாள். அது இடது பக்கம் போய் ஒட்டிக்கொண்டது. இழுத்துப் பார்த்தாள், கெஞ்சிப் பார்த்தாள், கிளியின் பாடத்தைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தாள். "ரொம்ப ஈஸி ஃபிரண்ட்ஸ்" என்று கிளி சொல்லச் சொல்ல, பெட்டி இன்னும் இடது பக்கம் போனது. கடைசியில் பெட்டிக்கு மேலேயே 'தலையைச் சாய்த்துப் பார்க்கவும்' என்று எழுதிவிட்டாள். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

எல்லாம் முடிந்ததும் ஒரு நாள் முழுக்கக் காத்திருந்தாள். ஓர் எருமையும் வரவில்லை. கருமலையான்தான் எடுத்துச் சொன்னார். "உன் போனுக்குள்ள இருக்கிறது எங்க போன்ல எப்படித் தங்கச்சி தெரியும்? மேல ஏத்தணும்."

ஏற்ற வேண்டும் என்று தெரிந்ததும் அவளுக்குப் பழைய வழக்கம் ஞாபகம் வந்தது. கேட்காமல் எப்படி ஏறுவது? ஏற்றுவதும் ஏறுவதும் வேறு வேறு என்று கிளி சொல்லிக்கொடுக்கவில்லை. அதனால் எருமைகளுக்கு மரியாதையாக, பக்கத்தின் வாசலில் ஒரு கேள்வி வைத்தாள். 'அண்ணே, முதுகில் ஏறலாமா?' கீழே 'சரி' என்று ஒரு பெட்டி, 'வேண்டாம்' என்று ஒரு பெட்டி. 'சரி' அழுத்தினால் கழுத்துக்கான கேள்வி. அதற்கும் 'சரி' என்றால் காதுக்கான கேள்வி. காதுக்கும் 'சரி' என்றால் உண்ணி எடுக்கும் விவரம் எல்லாம் வர வேண்டும்.

ஆனால் எந்தப் பெட்டியை அழுத்தினால் எங்கே போக வேண்டும் என்று எழுதும்போது வெள்ளையம்மாவுக்குக் கை தடுமாறிவிட்டது. காதுக்குச் 'சரி' சொன்னால் திரும்பவும் முதுகுக்கே போகும்படி எழுதிவிட்டாள். 'வேண்டாம்' அழுத்தினாலும் கழுத்துக்குத்தான் போகும். உள்ளே போக வழியே இல்லை. இது அவளுக்குத் தெரியாது. மேலே ஏற்றிவிட்டாள்.

"நம்ம வெள்ளையம்மா ஏதோ போட்டிருக்காளாம், பார்த்துட்டு அப்புறம் மைனாவுக்குப் போவோம்" என்று எருமைகள் கல்லைச் சுற்றி நின்றன. கருமலையான் மூக்கால் அழுத்தினார்.

முதுகில் ஏறலாமா? சரி. கழுத்தில் ஏறலாமா? சரி. காதில் ஏறலாமா? சரி. முதுகில் ஏறலாமா?

"முதுகைத்தான் முன்னாடியே கேட்டுட்டாளே?" என்றது பக்கத்தில் நின்ற செங்கொம்பி என்ற எருமை.

"இன்னொரு தடவை கேட்கிறா. அதுல என்ன தப்பு?" என்றார் கருமலையான். "அந்த மைனா ஒரு தடவையாவது கேட்டாளா? வந்து நேரா காதுல உட்காருறா. இவ எவ்வளவு மரியாதையாக் கேட்கிறா பாரு."

"எனக்கென்னவோ மாட்டிக்கிட்டோம்னு தோணுது மாமா."

"கேட்டதுக்குப் பதில் சொல்லாம போவியா? உங்க வீட்ல அப்படித்தான் வளர்த்தாங்களா?"

செங்கொம்பியும் மூக்கை நீட்டி 'சரி' அழுத்தியது. எருமைகள் நின்றன. அசை போட்டுக்கொண்டே அழுத்தின, அழுத்திவிட்டு அசை போட்டன. வெயில் ஏறியது, இறங்கியது. மைனாவின் பக்கத்துக்கு யாரும் போகவே இல்லை.

என்ன ஆயிற்றோ என்று வெள்ளையம்மா பறந்து வந்தாள். மந்தை முழுக்கச் சிலை மாதிரி நிற்கிறது. எல்லோரும் 'சரி' 'சரி' என்று அழுத்திக்கொண்டிருக்கிறார்கள். அவள் மெதுவாக ஒரு முதுகில் ஏறினாள். யாரும் வாலைக்கூட வீசவில்லை. அன்று தின்ற அளவுக்கு உண்ணியை அவள் வாழ்நாளில் தின்றதில்லை. குஞ்சுகளுக்கு ஊட்ட ஊட்ட, அவையே போதும் போதும் என்று வாயை மூடிக்கொண்டன. தினமும் இதே கதைதான். குஞ்சுகளுக்கு இறக்கை துளிர்க்க ஆரம்பித்தது.

இங்கே கதையை முடித்திருந்தால் எனக்கும் நல்லது, கொக்குக்கும் நல்லது. ஆனால் வெள்ளையம்மா பாடத்தை நிறுத்தவில்லை. கற்றுக்கொள்ளும் ருசி கண்டுவிட்டாள். ஒருநாள் கிளி சொன்னது: "ஃபிரண்ட்ஸ், உங்க பக்கத்தை நீங்களே ஒரு தடவை அழுத்திப் பாருங்க. பார்க்க வர்றவங்களைச் சுத்த விடாதீங்க, சுத்த விடாதீங்க."

அழுத்திப் பார்த்தாள். சுற்றினாள். "ஐயோ, பெரியவரை எல்லாம் இப்படியா நிக்க வச்சேன்!" வெட்கம் தாங்காமல் அப்போதே உட்கார்ந்து திருத்தினாள். கேள்விகளை எடுத்துவிட்டுப் பக்கத்தை நேராகத் திறக்கவைத்தாள். அந்த வேகத்தில் பெட்டிகூட நடுவில் வந்து நின்றது. அதைப் பார்த்து அவளுக்குக் கண் கலங்கியது.

மறுநாள் கருமலையான் மூக்கால் அழுத்தினார். பக்கம் சட்டென்று திறந்தது. 'உண்ணி எடுக்கப்படும். இடம்: நாவல் மரம்.'

"அட, முடிஞ்சு போச்சா?" என்றார். "சரி, பார்த்தாச்சு. அடுத்தது என்ன?"

அடுத்தது மைனாவின் பக்கம். அங்கே எழுத்து ஓடியது. அது ஓடிய திசையிலேயே மந்தையும் போயிற்று.

வெள்ளையம்மா கூட்டுக்கு வெறும் வாயோடு வந்தாள். இறக்கை பாதி முளைத்த குஞ்சுகள் அவள் அலகைத் திறந்து திறந்து பார்த்தன. மேற்கே மேகம் கட்டியிருந்தது.

"பழையபடி கெடுத்துடறேன், கண்ணுங்களா. ஒரு நிமிஷம் இருங்க" என்று போனை எடுத்தாள். கெடுக்கத்தான் வரவில்லை. இங்கே ஒன்றை மாற்றினால் பக்கமே காணாமல் போயிற்று. அங்கே ஒன்றை மாற்றினால் எல்லாம் தலைகீழாக வந்தது. சுற்றவிட்ட அந்தத் தப்பு மட்டும் கைக்கு வரவே இல்லை. கிளியிடம் கேட்கலாம் என்றால், எப்படிச் சரியாகச் செய்வது என்று மட்டும்தான் அது சொல்லிக்கொடுக்கிறது.

வேறு வழியில்லாமல் சத்தியசீலன் என்ற ஓணானிடம் போனாள். அவன் முறையாகப் படித்தவன். சிங்கத்தின் அலுவலகத்துக்கே வெப்சைட் போட்டவன். சொல்வதற்கு எல்லாம் தலையாட்டுவான்.

"பக்கம் திறக்கவே கூடாதுங்க" என்றாள் வெள்ளையம்மா.

"ஆகட்டும் மேடம்" என்று தலையாட்டினான்.

"வந்தவங்க போகவும் கூடாது."

"அதைத்தானே மேடம் எல்லாரும் கேட்கிறாங்க" என்று இன்னும் வேகமாகத் தலையாட்டினான்.

"பெரியவங்க மனசு நோகுமா?"

"நோகாது மேடம். அவங்க பாதுகாப்புக்காகன்னு போட்டுடலாம்."

கூலியாக, எருமைகளின் கழுத்துப் பக்கம் உட்கார்ந்து அவனும் சாப்பிட்டுக்கொள்ளலாம் என்று பேச்சு.

அன்று சாயங்காலமே பக்கம் தயார். இப்போது கருமலையான் அழுத்தியதும், 'நீங்கள் இருக்கும் இடத்தை நாங்கள் தெரிந்துகொள்ளலாமா?' என்று கேட்டது. பிறகு கடவுச்சொல் கேட்டது. அவர் ஒன்று சொன்னால், அதில் ஒரு பெரிய எழுத்தும் ஒரு கொம்பும் இருக்க வேண்டும் என்றது. எல்லாம் தாண்டியதும் கட்டம் கட்டமாகப் படங்கள் வந்தன. 'நீங்கள் நிஜமானவர்தானா என்று பார்க்க வேண்டும். எருமை இருக்கும் படங்களை மட்டும் அழுத்தவும்.'

மந்தையே முண்டியடித்துக்கொண்டு வந்து பார்த்தது.

"இது எருமை" என்றது செங்கொம்பி.

"எருமைன்னா சொல்றே? அது உங்க பெரியப்பா மகன்!"

"பெரியப்பா மகன் எருமை இல்லையா மாமா?"

"பேரு இருக்கிறவனைப் பொத்தாம்பொதுவா எருமைன்னு சொல்லுவியா? அழுத்தாதே. அந்தக் கோடியில இருக்கிறவன் யாருன்னு தெரியலை, அவனை அழுத்து."

"அது பாறை மாமா."

"பாறைக்கு ஏது காது?"

அழுத்தியது தப்பு என்று வேறு படங்கள் வந்தன. அதில் கருமலையானின் மைத்துனர் முகம் பாதி தெரிந்தது. பாதி மைத்துனரை அழுத்தலாமா கூடாதா என்று இரண்டு கட்சியாகப் பிரிந்து, நின்ற இடத்திலேயே பேசினார்கள். முன்பாவது எப்போதாவது காதை ஆட்டுவார்கள். இப்போது அதுவும் இல்லை. முதுகில் வெள்ளையம்மாவும் கழுத்தில் ஓணானும் ஏறியது யாருக்கும் தெரியாது.

மைனா தூரத்தில் இருந்து கத்தினாள். "அக்கா, அநியாயம்! உங்க பக்கம் திறக்கவே மாட்டேங்குது!"

"படிச்சவர் போட்டதுடி" என்றாள் வெள்ளையம்மா, வாயில் உண்ணியோடு.

மழை இறங்குவதற்குள் குஞ்சுகள் இரண்டும் பறந்துவிட்டன. கிளி புதுப் பாடம் போட்டிருப்பதாக வெள்ளையம்மாவின் போன் அடிக்கடி சத்தம் போட்டது. அவள் அதைக் கொண்டுபோய்க் குளத்தில் போட்டுவிட்டாள்.

கதை முடிந்தது. இனி நீதி சொல்ல வேண்டும். அதில்தான் எனக்குப் பயம். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் படித்துவிட்டு என் பேரைச் சொன்னால் நான் எங்கே போய் நிற்பேன்? அதனால் நீதியைக் கொக்கே சொன்னதாகப் போட்டுவிட்டேன். வம்பு ஏதாவது வந்தால் அவளிடமே கேட்டுக்கொள்ளுங்கள். அவளிடம் போனும் இல்லை.

நீதி: எதை வேண்டுமானாலும் தானாகக் கற்றுக்கொள்ளலாம், அது சரியாக வந்துவிடுவதற்குள் நிறுத்திவிட வேண்டும். — வெள்ளையம்மா, நாவல் மரம்.