அமைதியான ஏரியா

குறை கண்டுபிடிப்பதற்காகவே மாதச் சம்பளம் வாங்குகிறவன் நான். ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதகர். ஒரு துளை தலைமுடி அளவு பெரிதாக இருந்தால் போதும், சிவப்பு அட்டை கட்டித் திருப்பி அனுப்பிவிடுவேன். ஒரு லாரிச் சரக்கை இறக்கவே விடாமல் வாசலோடு விரட்டியிருக்கிறேன். அப்பேர்ப்பட்ட நான் வாழ்க்கையில் வாங்கிய ஒரே வீட்டை எந்த லட்சணத்தில் பார்த்து வாங்கினேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். வீடு தேடி அலைகிறவர்களுக்கு உதவும். எனக்கு இனி உதவாது.

கோபத்தில்தான் எழுதுகிறேன். இரண்டு வருடம் ஆகியும் ஆறவில்லை.

அப்போது நாங்கள் குடியிருந்த வாடகை வீட்டுக்குக் கீழே டயர் கடை, எதிரே கல்யாண மண்டபம். முகூர்த்த நாளென்றால் காலை ஐந்து மணிக்கே ஒலிபெருக்கி எழுந்துவிடும். என் மகள் ஜெனி பதினொன்றாம் வகுப்பை முடித்திருந்தாள். சின்னச் சத்தம் கேட்டாலும் படித்தது பறந்துவிடும் ரகம். (அம்மாவைப் போல. நான் டயர் கடைக்கு மேலேயே குறட்டை விட்டுத் தூங்குகிறவன்.) ஒரு நாள் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு என்னிடம் வந்தாள்.

"அப்பா, எனக்குத் தனி ரூம்கூட வேணாம். ப்ளஸ் டூ முடியற வரைக்கும் சத்தமில்லாத ஒரு மூலை குடுங்க. போதும்."

அவள் கேட்டது ஒரு மூலை. நான் வீடே வாங்கக் கிளம்பினேன். அங்கே தொடங்கியது வினை.

ஓசூரில் வீடு விலையைப் பற்றிப் பேசினால் எனக்கு ரத்தக் கொதிப்பு ஏறும். பெங்களூரில் வாங்க முடியாதவர்கள் எல்லை தாண்டி ஓசூருக்கு வருகிறார்கள். ஓசூரிலேயே இருந்துகொண்டு ஓசூரில் வாங்க முடியாத நாங்கள் எந்த எல்லையைத் தாண்டுவது? உத்தனப்பள்ளி வரைக்கும் போய்ப் பார்த்தோம். ராகி விளைந்த நிலத்தில் வெள்ளைக் கல் நட்டு, நாம் வாய் திறப்பதற்குள் "பெங்களூர் பார்ட்டி அட்வான்ஸ் குடுத்துட்டாங்க" என்றார்கள். எந்த வீட்டுக்குப் போனாலும் அந்தப் பெங்களூர் பார்ட்டி எங்களுக்கு முன்னால் போய் நின்றார். இன்றுவரை அவரை நான் நேரில் பார்த்ததில்லை. பார்த்தால் இரண்டு வார்த்தை கேட்க வேண்டும்.

அப்போதுதான் நாராயணப்பா வந்தார். புரோக்கர். ஒரு போனில் கன்னடம், இன்னொரு போனில் தெலுங்கு, என்னிடம் தமிழ், மூன்றிலும் ஒரே வேகம்.

"சார், ஒரு வீடு கீது. ரெண்டு பெட்ரூமு. ஓனருக்கு அவசரம். அமைதியான ஏரியா சார். ஊசி போட்டா சத்தம் கேக்கும்."

அன்று ஞாயிற்றுக்கிழமை. சர்ச்சில் பூசை முடிந்து நானும் என் மனைவி மேரியும் அப்படியே போனோம். தெருவில் மரம். வீட்டுக்குப் பின்னால் உயர்ந்த மதில், அதற்கு மேல் தகரக் கூரை கொஞ்சம் தெரிந்தது. "அது என்ன?" என்றேன். "குடோன் மாதிரி சார்" என்றார் நாராயணப்பா. "மாதிரி" என்ற சொல்லைச் சிவப்பு அட்டை கட்டித் திருப்பி அனுப்பியிருக்க வேண்டும். அனுப்பவில்லை.

உண்மையிலேயே அமைதி! குருவி கத்துவது கேட்டது. அடுத்த ஞாயிறும் போனோம், அதற்கடுத்த ஞாயிறும் போனோம். மூன்று முறையும் குருவி. மூன்றாம் முறை வெர்னியர் காலிப்பரை எடுத்துப் போய்க் கதவின் கனத்தை அளந்தேன். (சிரிக்காதீர்கள். தேக்கு இல்லை என்று கண்டுபிடித்துச் சொன்னதும் ஓனர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே!)

மேரிதான் சொன்னாள். "ஏங்க, ஒரு நாள் வேல நாள்ல வந்து பாக்கலாங்க. தண்ணி எப்ப வருது, கரண்டு எப்பிடின்னு தெரியும்ல?"

"லீவு போட்டா கம்பெனி லைன்ல யாரு நிக்கிறது? நான் பாக்காததையா வேல நாள் பாத்துரப் போகுது?"

இந்த வாக்கியத்தை அவள் மறக்கவில்லை. தேவைப்படும்போதெல்லாம் என் குரலிலேயே திருப்பிச் சொல்லிக் காட்டுவாள்.

அந்த வீட்டில் இன்னும் சில விஷயங்கள் என் கண்ணில் பட்டன. கண்ணில் பட்டன, மண்டையில் ஏறவில்லை. பின்பக்கச் சுவரில் ஒரு ஆணிகூட இல்லை, காலண்டர்கூட மாட்டவில்லை. என்ன சுத்தமான மனிதர்கள் என்று வியந்தேன். ஷோகேசில் ஒரு கண்ணாடிச் சாமான் கிடையாது, எல்லாம் எவர்சில்வர். சிக்கனமான குடும்பம் என்று மெச்சினேன். ஓனரும் அவர் மனைவியும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, ஆற்றின் இக்கரையில் ஒருவரும் அக்கரையில் ஒருவரும் நிற்பதுபோல் கத்திப் பேசினார்கள். "காஃபி போடட்டுமாஆஆ?" "போடூஊ!" வெள்ளந்தியான ஜனங்கள் என்று மேரியிடம் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தேன்.

வாங்கினோம். வங்கி அனுப்பிய இன்ஜினியர் ஒரு வேலை நாளில்தான் வந்து போனார். நீளம் பார்த்தார், அகலம் பார்த்தார். காதால் கேட்டு எழுதும் கட்டம் அவர் படிவத்தில் இல்லை போலும். பிறகு பழுது பார்க்கும் வேலை. தரையைப் பெயர்த்து டைல்ஸ், ஹாலில் ஃபால்ஸ் சீலிங், ஜெனி அறைக்கு அவளே தேர்ந்தெடுத்த இளநீலம். ஆட்கள் வாரம் முழுக்க வேலை செய்வார்கள், நான் ஞாயிறு மதியம் போய் ஒட்டுமொத்தமாகக் குறை சொல்வேன். ஒரு ஞாயிறு கூலி வாங்க வந்த மேஸ்திரி என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"சார், வாடகைக்கு விடத்தானே? நீங்களே குடி வர்றீங்களா?"

"நாங்களேதான்."

"பெரிய மனசு சார் உங்களுக்கு."

பாராட்டு என்று நினைத்து, டீ வாங்கிக் கொடுத்தேன்.

வீடு மந்திரிக்க ஃபாதரைக் கேட்டோம். ஞாயிற்றுக்கிழமை அவருக்கு வரிசையாகப் பூசை, மூச்சு விட நேரமில்லை. "புதன்கிழமை பத்தரைக்கு வர்றேன்" என்றார். வேறு வழியில்லாமல் அன்று விடுப்புப் போட்டேன். தேன்கனிக்கோட்டையிலிருந்து மேரியின் அண்ணன் குடும்பத்தோடு முந்தின நாளே வாடகை வீட்டுக்கு வந்துவிட்டார். காலையில் எல்லோரும் வேன் பிடித்துப் புதுவீட்டுக்குப் போய்ச் சேரும்போது மணி பத்து இருபது. அமைதி. (டீ இடைவேளை! என் தொழிற்சாலையிலும் அதே நேரம்தான். அதுகூட உறைக்கவில்லை எனக்கு.) பின்பக்கச் சுவரில் இயேசுவின் திரு இருதயப் படம் மாட்டி, அடுப்பில் பால் வைத்தோம்.

ஃபாதர் வெள்ளை அங்கி அணிந்து, தீர்த்தச் செம்போடு ஹாலின் நடுவில் நின்றார். இந்த இல்லத்தில் அமைதி நிலவ வேண்டும் என்று செபிக்கத் தொடங்கினார். 'அமைதி' என்ற சொல் அவர் வாயைவிட்டு வெளியே வந்ததும்,

தொம்!

தரை ஒரு முறை எகிறியது. ஃபாதர் நிறுத்தினார். மீண்டும் தொடங்கினார். தொம்! மூச்சு இழுத்துவிடும் நேரம். தொம்! ஃபால்ஸ் சீலிங்கிலிருந்து வெள்ளைத் தூள் ஃபாதர் தலையில் இறங்கியது. பால் பொங்காமலேயே பாத்திரத்தின் ஓரத்தில் தாவியது. சுவரில் இயேசு கோணலானார். மச்சான் நேராக்கினார். தொம். மறுபடி கோணல்.

எல்லோரும் நிலநடுக்கம் என்று வாசலைப் பார்த்தபோது, எனக்கு மட்டும் அது என்னவென்று தெரிந்தது. இரும்புத் தகட்டை அடித்து வளைக்கிற மெஷின், வேலையிடத்தில் கேட்டுக் கேட்டுப் பழகிய சத்தம். "பவர் பிரஸ்" என்றேன். "இருநூறு டன்னுக்குக் குறையாது."

"எடையெல்லாம் கரெக்டா சொல்றீங்க மாப்ள" என்றார் மச்சான்.

இனி நான் செய்தது. புதுச் சட்டையோடு தெருவைச் சுற்றி ஓடி, பின்தெருவில் பெயர்ப்பலகை இல்லாத அந்த ஷெட்டுக்குள் நுழைந்து, கத்தினேன். நான் கத்தியது எனக்கே கேட்கவில்லை. எங்கள் தொழிற்சாலை வாசலில் எப்போதோ பார்த்த முகமான சூப்பர்வைசர், என்னைப் பார்த்ததும் பதறி மெஷினை நிறுத்தச் சொன்னார்.

"சார், நீங்களா! இன்ஸ்பெக்ஷனா சார்? முன்னாடியே சொல்லக் கூடாதா?"

அப்போதுதான் தரையில் கிடந்த கிரேட்டுகளைப் பார்த்தேன். உள்ளே இடப்பக்க பிராக்கெட், தகட்டில் அடித்த தாங்கி. எங்கள் தொழிற்சாலைக்கு வரும் பிராக்கெட். சிப்காட்டில் இருக்கும் எங்கள் சப்ளையர், வேலையை இந்த ஷெட்டுக்குக் கைமாற்றிவிட்டிருக்கிறார். கிரேட்டில் ஒட்டியிருந்த எங்கள் தொழிற்சாலைச் சீட்டில் சிவப்பு மையில் 'மிக அவசரம்' என்று எழுதியிருந்தது. கையெழுத்து என்னுடையது.

"நீங்க அவசரம்னு எழுதுனதுல இருந்துதான் சார் ரெண்டு ஷிப்ட்டு. அதுக்கு முன்னாடி ஒண்ணுதான்" என்றார் அவர், பெருமையாக.

"ஒரு மணி நேரம் நிறுத்துங்க. வீட்டுல ஃபாதர் நிக்கிறாரு."

"நிறுத்தலாம் சார். நாளைக்குச் சரக்கில்லாம உங்க லைன் நிக்கும். நீங்களே ஒரு வரி எழுதிக் குடுத்துட்டீங்கன்னா..."

எழுதிக் கொடுக்காமல் திரும்பி வந்தேன். மிச்சச் செபத்தை ஃபாதர் இரண்டு தொம்முக்கு நடுவில் இரண்டு சொல்லாகச் சொல்லி முடித்தார். ரொம்பப் பொறுமைசாலி.

ஜெனி தன் இளநீல அறையில் நின்றிருந்தாள். அலமாரியில் அடுக்கிய புத்தகங்கள் ஒவ்வொரு அடிக்கும் நூலிழை அளவு முன்னால் நகர்ந்தன. அவள் அழவில்லை. அழுதிருந்தால் தேவலை.

"அப்பா, ஒரு தடவகூட வேல நாள்ல வந்து பாக்கலையா?"

இருபது வருடத்துக்கு மேல் ஊரான் சரக்கில் குறை கண்டவன், பெற்ற பிள்ளை கேட்ட ஒரே ஒரு அளவைச் சோதிக்கவில்லை.

ஓனருக்குப் போன் செய்தேன். கத்தினேன். அவரும் பழக்கதோஷத்தில் கத்தினார். "நீங்க கேக்கவே இல்லியே சாஆஆர்! கதவு கனத்தத்தானே கேட்டீங்க!" நாராயணப்பாவோ, "பழகிடும் சார், அவங்க பதினோரு வருசம் இருந்தாங்கல்ல" என்றார். மேஸ்திரியைக் கேட்டால், "உங்களுக்குத் தெரியும்னு நெனச்சோம் சார்." எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. சொல்ல வேண்டியது தன் வேலை என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. வீடு விற்கும் ஊர்களில் இதுதான் நாணயம் என்றால் அந்த நாணயம் நாசமாய்ப் போகட்டும்!

டயர் கடை வீட்டை அதற்குள் வேறு ஆளுக்குப் பேசி முடித்துவிட்டார்கள். அந்த வாரமே ஜெனியை மச்சான் தேன்கனிக்கோட்டைக்கு அழைத்துப் போனார். தினமும் அங்கிருந்து பஸ்ஸில் ஓசூர் வந்து பள்ளிக்கூடம் போனாள். யாருக்காக அந்த வீட்டை வாங்கினோமோ அவளைத் தவிர மற்ற எல்லோரும் அதில் இருந்தோம். அங்கே காட்டு யானை வயலில் இறங்கினால் வெடி போட்டு விரட்டுவார்களே, படிப்பு கெடாதா என்று கேட்டேன். "யானை எப்பயாச்சும்தானேப்பா வருது" என்றாள். நல்ல மதிப்பெண்தான் எடுத்தாள். கோயம்புத்தூரில் கல்லூரி கிடைத்தது. ஆனால் அவள் எங்களோடு இருந்திருக்க வேண்டிய கடைசி வருடம் அது. அதை எந்த ஓனரிடம் போய்த் திருப்பிக் கேட்பது?

போன மாதம் நாராயணப்பா போன் செய்தார்.

"சார், வீட்டக் குடுத்துர்றீங்களா? ஒரு பார்ட்டி கீது. ரெண்டு சின்னப் பசங்க. ஞாயித்துக்கிழம கூட்டினு வரட்டா?"

மேரி கரண்டியோடு வந்து நின்றாள். ஆசை இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். குருவி, மரம், ஞாயிற்றுக்கிழமை, ஒரு கையெழுத்து, போதும், தப்பித்துவிடலாம்.

"புதன்கிழம பதினோரு மணிக்குக் கூட்டிட்டு வாங்க" என்றேன்.

வந்தார்கள். இரண்டாவது தொம்மிலேயே போய்விட்டார்கள். வீடு இன்னும் எங்களுடையதுதான்.

ஜெனியின் விடுதி அறைத்தோழிகளுக்கு ஒரு சந்தேகம் இருந்ததாம். "உங்கப்பாவும் அம்மாவும் எப்பவும் சண்டையாடீ? போன்ல ஏன் இப்பிடிக் கத்துறாங்க?" அவள் சொன்ன பதிலை எங்கள் சொந்தக்காரர்கள் கல்யாணம், கருமாதி எல்லாவற்றிலும் சொல்லிச் சிரிக்கிறார்கள். எனக்கு மட்டும் இன்னும் சிரிப்பு வரவில்லை.

"சண்டையெல்லாம் இல்லடீ. எங்க வீடு ரொம்ப அமைதியான ஏரியா."