தேனீப் பெட்டிக்கு ஒரு வெள்ளோட்டம்

தேனீக்களைப் பற்றி என்னால் இரண்டு மணித்தியாலம் தண்ணீர் குடிக்காமல் பேச முடியும். பேசியும் இருக்கிறேன். கேட்டவர்களில் சிலர் இன்னும் என்னோடு கதைக்கிறார்கள். ஆனால் ஓர் உண்மையை ஒப்புக்கொண்டே ஆகவேண்டும். முதன்முதலில் நான் பொறுப்பெடுத்த தேனீக் கூட்டத்தின் திறப்பு விழா மொத்தமாகப் பத்து நிமிடம் நடந்தது. அதில் நாலு நிமிடம் நான் ஓடிக்கொண்டிருந்தேன்.

எனக்குச் சொந்த ஊர் ஓலைத்தொடுவாய். அப்பா, அவருடைய அப்பா, அவருக்கும் அப்பா எல்லோரும் கடல் தொழில். எங்கள் வீட்டில் விவசாயம் என்றால் கிணற்றடியில் நின்ற ஒரு கறிவேப்பிலை மரம்தான். (நான் விவசாய டிப்ளோமா முடித்து வந்து பராமரிக்கத் தொடங்கிய பிறகு அதுவும் பட்டுப்போயிற்று.) அப்பாவோடு வள்ளத்தில் போன மூன்று தடவையும் நான் சத்தி எடுத்தேன். மூன்றாம் தடவை வலை மேலேயே எடுத்தேன். இவனுக்குத் தரைதான் சரி என்று அப்பா அன்றைக்கே முடிவு கட்டிவிட்டார். அப்படித்தான் நான் முருங்கன் பக்கத்தில் விவசாயப் போதனாசிரியர் ஆனேன்.

முதல் வருடம். நிரந்தர நியமனம் இன்னும் கிடைக்கவில்லை. பை நிறைய ஒருங்கிணைந்த பீடைக் கட்டுப்பாட்டுத் துண்டுப்பிரசுரம் வைத்துக்கொண்டு தோட்டம் தோட்டமாகத் திரிந்தேன். பூச்சியைக் கண்டவுடன் நஞ்சை எடுக்காதீர்கள், முதலில் மஞ்சள் ஒட்டுப்பொறி வையுங்கள், வரம்பில் செவ்வந்தி நடுங்கள், வேப்பங்கொட்டைக் கரைசல் தெளியுங்கள், நல்ல பூச்சிகளைக் காப்பாற்றுங்கள் என்று பிரசங்கம் வைத்தேன். எல்லோரும் மரியாதையாகத் தலையாட்டிவிட்டு, நான் மோட்டார் சைக்கிளைத் திருப்பியதும் போய் நஞ்சை அடித்தார்கள்.

நம்பியவர் ஒரே ஒரு ஆள்தான், மாரியாயி அக்கா. அவருடைய பெற்றோர் மலையகத்திலிருந்து வந்து இந்தப் பக்கம் குடியேறியவர்கள். கணவர் கூலி வேலைக்குப் போய்விடுவார், அரை ஏக்கர் பூசணித் தோட்டம் முழுக்க அக்காவின் கைதான். என் பேச்சைக் கேட்டு மருந்து அடிக்கிற டாங்கியைக் கழுவி, கூரை வளையில் மாட்டிவிட்டார். பூச்சி உண்மையாகவே குறைந்தது. என்னைவிட அதற்கு ஆச்சரியப்பட்டவர் யாரும் இருக்க முடியாது.

ஆனால் பூசணி பிடிக்கவில்லை. பூ மஞ்சள் மஞ்சளாகப் பூத்தது. பிஞ்சு நெல்லிக்காய் அளவுக்கு வந்து, பழுத்து விழுந்தது. மகரந்தம் காவத் தேனீ இல்லை. ஏன் இல்லை என்றால், பக்கத்துத் தோட்டத்துச் சின்னராசா அண்ணன் தன் கத்தரிக்கு விடியற்காலையிலேயே மருந்து அடிப்பார். பூசணிப் பூ விரிவதும் அந்த நேரம்தான். தேனீ வீடு திரும்பிய பிறகு, பின்னேரம் அடியுங்கள் என்று எத்தனையோ தடவை சொன்னேன். பின்னேரம் தனக்குக் கள்ளுக் குடிக்கிற நேரம் என்றும், ஒரு பூச்சிக்காகத் தன் நேரசூசியை மாற்ற ஏலாது என்றும் சொல்லிவிட்டார்.

ஒருநாள் மாரியாயி அக்கா விழுந்த பிஞ்சுகளைச் சீலைத் தலைப்பில் அள்ளிக்கொண்டு வந்து என் முன்னால் கொட்டினார்.

"சார், ஒங்க பேச்சக் கேட்டுத்தான் மருந்த நிறுத்துனேன். காய் புடிக்கலன்னா எனக்கு இந்தப் போகம் போச்சு. அப்புறம் நீங்க சொல்றத இந்தப் பக்கம் ஒரு ஆளும் கேக்க மாட்டாங்க."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அமைதியாகச் சொன்னதைத்தான் தாங்க முடியவில்லை. அந்தப் பதற்றத்தில், தோட்டத்தில் ஒரு தேனீப் பெட்டி வைத்துவிடுகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். பக்கத்தில் நஞ்சு பறக்கும்போது தேனீ எப்படி உயிரோடு இருக்கும் என்பதை நான் யோசிக்கவில்லை. (சின்னராசா அண்ணன் திறப்பு விழா நாளில் மட்டும் அடிக்க மாட்டேன் என்று பெருந்தன்மையாக ஒத்துக்கொண்டார். தேத்தண்ணி உண்டா என்று கேட்டு உறுதிப்படுத்திய பிறகு.)

பெட்டியை வெளியில் வாங்கியிருக்கலாம். வீட்டில் வாய் தவறிச் சொன்னதுதான் பிழை. அப்பா உடனே வள்ளத்துக்கு வைத்திருந்த பலகையை எடுத்தார். மகனுடைய தொழிலில் தானும் கைவைக்க ஒரு சந்தர்ப்பம் கிடைத்த சந்தோஷத்தில் இரண்டு நாள் கடலுக்கே போகவில்லை. முடிந்து வந்தபோது பெட்டிக்கு வள்ளத்து நீலப் பெயின்ட் இரண்டு பூச்சு, ஓரத்தில் சிவப்புக் கோடு, முகப்பில் வெள்ளை எழுத்தில் 'புனித அந்தோனியார் துணை'. இயந்திரம் பூட்டினால் இராமேஸ்வரம் வரை போகும் போலிருந்தது.

வளர்ப்பவர் ஒருவரிடமிருந்து தேனீக் கூட்டம் வந்தது. இரண்டு நாள் பயிற்சிச் சான்றிதழின் தைரியத்தில், தேனடைச் சட்டங்களை நானே அந்த நீலப் பெட்டிக்கு மாற்றினேன். பெயின்ட் மணம் தேனீக்களுக்குப் பிடிக்கவில்லை என்பது அவை போட்ட இரைச்சலிலேயே தெரிந்தது. புது வீட்டுச் சந்தோஷம் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

அடுத்த நாள் காலை விழா. என் மேலதிகாரி வந்தார். எனக்கு நிரந்தர நியமனத்துக்குச் சிபாரிசு எழுதவேண்டியவர் அவர்தான். எங்கள் பங்குப் பாதர் ஆசீர்வதிக்க வந்தார். அக்கா தன் பங்குக்குச் சாம்பிராணிப் புகை போட்டுப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தார். அம்மாவும் அப்பாவும் ஓட்டோவில் வந்து இறங்கினார்கள். அம்மாவின் கையில் ஒரு முழுக் கதலிக் குலை, நன்றாகக் கனிந்தது.

எங்கள் வீட்டில் புது வள்ளம் கடலில் இறங்குவதென்றால் அணியத்தில், அதாவது முன்மூக்கில், ஒரு வாழைக்குலை கட்டுவார்கள். பாதர் மந்திரித்து முடிந்ததும் ஒரு சீனவெடி. பிறகு பழத்தை வந்தவர்களுக்குப் பங்கிடுவார்கள். அம்மா நேரே போய்ப் பெட்டியின் வாசலுக்கு மேலே குலையைக் கட்டினார். இதெல்லாம் தேவையில்லை அம்மா என்று மெல்லச் சொன்னேன்.

"முதன்முதல் இறக்கேக்குள்ள குலை கட்டாம விடுறதே? உனக்கு ஒண்டும் தெரியாது, பேசாம நில்லு."

நான் பேசாமல் நின்றேன். அதுதான் கொடுமை. ஏனென்றால் எனக்குத் தெரியும். தேனீ ஒன்று ஆபத்தைக் கண்டால் மற்றவற்றைக் கூப்பிட ஒரு வாசனை விடும். அது அப்படியே பழுத்த வாழைப்பழ மணம். ஆகவே பெட்டிக்கு அருகில் வாழைப்பழத்தோடு போகக் கூடாது. டிப்ளோமாப் பரீட்சையில் இதை எழுதி, அடிக்கோடும் போட்டிருக்கிறேன். அன்றைக்குக் காலையில் அந்த விடைத்தாள் வேறு யாரோ எழுதியதுபோல என் தலையில் ஒன்றும் இல்லை. நான் பார்த்துக்கொண்டிருந்தது மேலதிகாரியின் முகத்தை. சாம்பிராணிப் புகை அவர் பக்கம் போயிற்று. அவர் ஒரு தடவை இருமினார். தேனீயைச் சாந்தப்படுத்தக்கூடிய ஒரே பொருள் அந்தப் புகைதான். ஓடிப்போய் அதைத் தூக்கித் தூர வைத்தவன் நான்தான்.

பாதருக்கு வள்ளம் மந்திரித்துப் பழகிய கை. ஒரு வீச்சில் அரைப் போத்தல் தீர்த்தம் பெட்டி வாசலுக்குள் போயிற்று. அம்மா குலையிலிருந்து முதல் பழத்தைப் பிய்த்து மேலதிகாரியிடம் நீட்டினார். அவர் தோலை உரித்து ஒரு கடி கடித்தார். அந்த நேரம் பார்த்து அப்பா சீனவெடிக்குத் தீக்குச்சி வைத்தார்.

பிறகு நடந்ததை நான் முழுதாகப் பார்க்கவில்லை. ஓடும்போது பின்னால் பார்க்கிற வழக்கம் எனக்கில்லை. மற்றவர்கள் சொல்லித்தான் தெரியும். பாதர் அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓட்டோவுக்குள் ஏறியிருக்கிறார். அப்பா அம்மாவை இழுத்திருக்கிறார், அம்மா குலையை விடவில்லை. மாரியாயி அக்கா ஒருத்திதான் நிதானமாகச் சாக்குகளை எடுத்து ஒவ்வொருவர் தலையிலும் போட்டிருக்கிறார். மேலதிகாரி கையில் பழத்தோடு வாய்க்காலை நோக்கி ஓடினார். எனக்கு அந்த நேரத்தில்தான் என் கடமை ஞாபகம் வந்தது. தேனீ கலைந்தால் ஓடக் கூடாது, அசையாமல் நிற்கவேண்டும் என்பது முதல் பாடம். அதைத் தொண்டை கிழியக் கத்தினேன்.

"ஓடாதேங்கோ! ஒருத்தரும் ஓடாதேங்கோ!"

கத்தியபோது எல்லோருக்கும் முன்னால் ஓடிக்கொண்டிருந்தேன். மேலதிகாரியை நான் முந்திச் சென்றதாகவும், வாய்க்காலில் அவருக்கு முன்பே குதித்ததாகவும் சொல்கிறார்கள். அவர் காதில் இரண்டு கொட்டோடு வந்து பக்கத்தில் அமர்ந்தார். கழுத்துவரை தண்ணீர். காதில் தண்ணீரை அள்ளி விட்டார். பிறகு மிகவும் மரியாதையாகக் கேட்டார்.

"தம்பி, நிகழ்ச்சி நிரலில அடுத்தது என்ன?"

அடுத்தது என் சொற்பொழிவு. தலைப்பு, 'தேனீ, விவசாயியின் நண்பன்'. அதை நான் அவரிடம் சொல்லவில்லை.

எனக்குப் பதினொரு கொட்டு. முருங்கன் வைத்தியசாலையில் தாதி தேன் களவெடுக்கப் போனீர்களோ என்று கேட்டார். என் உத்தியோகத்தைச் சொன்னதும் உள்ளே போய் இன்னும் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்து காட்டினார்.

அதைவிடப் பெரிய அடி மறுநாள் காலையில் விழுந்தது. பெட்டி காலி. கூட்டம் முழுக்க இராணியோடு கிளம்பிப் போய்விட்டது. மாரியாயி அக்கா என்னைக் குறை சொல்லவில்லை. கூரையில் மாட்டிய டாங்கியை ஒரு தடவை அண்ணாந்து பார்த்தார். எனக்கு அழுகை வந்தது. (வீங்கிய கண்ணில் அது வெளியே வர வழியில்லை.) ஒரு கிழமை தாருங்கள் என்று கெஞ்சினேன்.

அன்றிலிருந்து விடியக் காலையில் போய், நானே தேனீயானேன். ஆண் பூவைப் பிடுங்கி, இதழைக் கழித்து, பெண் பூவுக்குள் தடவவேண்டும். ஒற்றைக் கண்ணோடு பூ பூவாகக் குனிந்து திரிந்தேன். அரை மணித்தியாலம் பார்த்துக்கொண்டிருந்த அக்கா கடைசியில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"சார், இவ்வளவு நேரமா ஆம்பளப் பூவ ஆம்பளப் பூவுக்குத்தான் தடவிக்கிட்டு இருக்கீங்க."

பிறகு அவரே செய்தார், நான் பூப் பிடுங்கிக் கொடுத்தேன். அங்கே ஊரில் அம்மா அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்திக்கொண்டிருந்தார். எங்கள் வீட்டில் காணாமல் போன மோதிரம், அடையாள அட்டை, ஒரு தடவை ஒரு முழு வலை எல்லாம் அவர் தேடித் தந்தவை. இருபதாயிரம் தேனீ அவருக்கு ஒரு பொருட்டே இல்லை என்பது அம்மாவின் கட்சி. பெட்டியில் பெயர் வேறு எழுதியிருக்கிறதே.

மூன்றாம் நாள் சின்னராசா அண்ணன் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார். முகத்தில் அப்படி ஒரு பெருமிதம். தன் கிணற்றடியில் கவிழ்த்து வைத்திருந்த வெடித்த மண்முட்டிக்குள் தேனீ வந்து கூடு கட்டியிருப்பதாகச் சொன்னார். வீட்டுக்கு லட்சுமி வந்த மாதிரியாம். மனைவி விளக்கு வைத்துக் கும்பிட்டாராம். அது எங்கள் தேனீ என்று நான் பாய்ந்தேன்.

"உங்கட எண்டால் ஏன் என்னட்ட வந்தது? பிடிக்காமத்தானே வந்தது."

என் படிப்பும் பயிற்சியும் நீலப் பெயின்ட்டும் ஒரு உடைந்த மண்முட்டியிடம் தோற்றுப்போயிருந்தன. ஆனால் மாரியாயி அக்கா கையிலிருந்த பூவைக் கீழே போடாமலே கேட்டார்.

"நாளைக்குக் காலையில நீங்க மருந்து அடிச்சா அதுங்க செத்துப்போகுமே அண்ணே?"

சின்னராசா அண்ணன் தன் கிணற்றடிப் பக்கம் பார்த்தார். வேலியை விட்டு இறங்கிப் போனார். மறுநாள் விடிய அவர் தோட்டத்தில் டாங்கிச் சத்தம் கேட்கவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. மருந்து பின்னேரத்துக்கு மாறியது, அளவும் குறைந்தது, கள்ளு மதியத்துக்கு மாறியது. நான் ஒரு வருடமாகச் சொல்லி நடக்காததை ஒரு முட்டி மூன்று நாளில் நடத்திவிட்டது. கிழமை முடியுமுன் அவர் மற்றத் தோட்டக்காரர்களை வேலியில் நின்று ஏசத் தொடங்கினார். காலையில் நஞ்சு அடித்தால் தன் தேனீக்கு என்ன ஆவது என்று கேட்டார். என் பிரசங்கம் அப்படியே, என்னைவிட உரத்த குரலில்.

பூசணி பிடித்தது. அக்காவின் டாங்கி கூரையை விட்டு இறங்கவே இல்லை, இப்போது அதில் குருவி கூடு கட்டியிருக்கிறது. நிரந்தர நியமனத்துக்கான நேர்முகத்தில் மேலதிகாரி ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். தேனீப் பெட்டிக்குப் பக்கத்தில் எதைக் கொண்டுபோகக் கூடாது? சொன்னேன். காதைத் தடவிக்கொண்டே கையெழுத்து வைத்தார். நீலப் பெட்டியில் இப்போது அம்மாவின் கோழி அடைகாக்கிறது, அந்தோனியார் அதையும் பார்த்துக்கொள்கிறார். ஒவ்வொரு கிறிஸ்மசுக்கும் ஓலைத்தொடுவாய்க்கு ஒரு பூசணிக்காயும் ஒரு போத்தல் தேனும் வருகின்றன. கொட்டியதற்கு நட்டஈடு என்று சின்னராசா அண்ணன் சொல்லி அனுப்புவார்.

என் கொட்டு எல்லாம் ஆறிவிட்டது. அன்றைக்கு நான் கத்திய அந்த ஒரு சொல்தான் ஆறவில்லை. எங்கள் வீட்டில் நான் யாருக்கு எந்தப் புத்திமதி சொன்னாலும் பதிலுக்கு அதுதான் வரும். மெதுவாக வண்டி ஓட்டுங்கள் என்று மச்சானுக்குச் சொன்னால் வரும். உப்பைக் குறையுங்கள் என்று அப்பாவுக்குச் சொன்னால் வரும். போன கிழமை ஏழு வயது மகளிடம் டொபி சாப்பிட்டால் பல்லுப் பூச்சி பிடிக்கும் என்று கண்டிப்பாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் என் கன்னம் ஒரு பக்கம் உப்பியிருப்பதைக் கொஞ்ச நேரம் கவனித்தாள். பிறகு அப்பம்மாவைப் போலவே இடுப்பில் கைவைத்துச் சொன்னாள்.

"ஓடாதேங்கோ அப்பா."