மாப்பிள்ளை என்னை அடிக்க மறுப்பது குறித்து

குவீன்ஸ்டவுன்
வெள்ளிக்கிழமை

மதிப்புக்குரிய சம்பந்தி துரைசாமி அவர்களுக்கு, தங்கராஜு வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இங்கு நானும் என் முழங்காலும் நலம். கிளமெண்டியில் தாங்களும் சம்பந்தியம்மாவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். வாட்ஸ்அப்பில் எழுதினால் கை தவறிக் குடும்பக் குழுவில் போய் விழுந்துவிடும் என்பதால் தாளில் எழுதுகிறேன்.

விஷயம் தங்கள் மகனைப் பற்றியது. பதற வேண்டாம். வெங்கடேஷ் தங்கமான பிள்ளை. என் குறையே அதுதான், விவரமாகச் சொல்கிறேன்.

பஸ் டிப்போவில் என்னோடு வேலை பார்த்த சின்னத்தம்பியும் ருக்கையாவும் நானும் செவ்வாய்க்கிழமைதோறும் தேக்காவில் சின்னத்தம்பி வீட்டில் கூடி, டிவியில் ஒரு சண்டை விளையாட்டைப் பழகி வருகிறோம் என்பது தாங்கள் அறிந்ததே. திரையில் இரண்டு பேர் அடித்துக்கொள்வார்கள், நாம் பொத்தான்களை அமுக்க வேண்டும், யாருடைய உயிர்க்கோடு முதலில் தீர்கிறதோ அவர் அவுட். சமூக மன்றத்தில் மூத்தோருக்கு மூவர் அணிப் போட்டி வைக்கிறார்கள். அதற்காக ருக்கையா உதைகளை நோட்டில் எழுதி மனப்பாடம் செய்கிறார். சின்னத்தம்பி தடுப்பதற்கு மட்டுமே மூன்று மாதம் எடுத்துக்கொண்டு இப்போது சுவர் மாதிரி நிற்கிறார். எனக்கு அதெல்லாம் தேவைப்படவில்லை, ஏனென்றால் ஞாயிறு சாப்பாட்டுக்கு வரும் மாப்பிள்ளையை நான் தொடர்ந்து முப்பத்தொரு ஆட்டம் ஜெயித்திருந்தேன். அந்தத் தெம்பில் போன மாதப் போட்டிக்குப் போனேன். எதிரே ஒரு சீன அம்மா. எழுபது வயது இருக்கும், கைப்பையைக்கூட மடியிலிருந்து இறக்கவில்லை. பதினோரு விநாடி. என் ஆள் இடப்பக்கமா வலப்பக்கமா என்று நான் பார்த்து முடிப்பதற்குள் அவன் படுத்துவிட்டான்.

"அண்ணே, நீங்க தடுக்கவே மாட்டேங்கிறீங்களே" என்றார் சின்னத்தம்பி. ருக்கையா இன்னும் தெளிவாகச் சொன்னார்: "கோவிச்சுக்காதீங்க அண்ணே. அடுத்த போட்டிக்குள்ள நீங்க தேறலன்னா என் நாத்தனாரைச் சேர்த்துக்கிறோம்லா. அவங்க நல்லா உதைக்கிறாங்க."

வீட்டுக்கு வந்து யோசித்தபோதுதான் விளங்கியது. தங்கள் மகன் இத்தனை நாளும் மரியாதைக்காகத் தோற்றிருக்கிறார். என் ஆள் கீழே விழுந்தால் அவர் ஆள் பின்னால் நகர்ந்து நிற்பான். ஒரு முறை முழு ரவுண்டும் சும்மா குனிந்து குனிந்து எழுந்தான். நானும் அதைப் பணிவு என்று ரசித்துக்கொண்டிருந்தேன். போன ஞாயிறு அவருக்குக் கோபம் வரட்டும் என்று, எதிராளியை ஏளனம் செய்யும் பொத்தானை வேண்டுமென்றே அமுக்கிப் பார்த்தேன். "சூப்பர் மாமா" என்கிறார். அடி வாங்கினால்தானே ஒருவன் தடுக்கக் கற்க முடியும், சம்பந்தி?

ஓய்வு பெற்று இரண்டு வருஷமாகிறது. வாரத்தில் எனக்குக் கிழமை என்று தெரிவது செவ்வாய் ஒன்றுதான். நான் இல்லாமல் அவர்கள் இருவரும் அங்கே உட்கார்ந்து ஆடுவதை நினைத்தால் பயமாக இருக்கிறது. இதை வேறு யாரிடமும் நான் சொல்லவில்லை.

மாப்பிள்ளையிடம் போய் 'என்னை அடியுங்கள்' என்று நானே கேட்பது முறையாகாது. ரோஷினி மூலம் சொன்னால் பெற்ற மகளே எனக்கு வைத்தியம் பார்க்கக் கிளம்பிவிடுவாள். ஆகவே தகப்பன் என்ற முறையில் தாங்கள்தான் அவரைக் கூப்பிட்டு, மாமனாரை ஈவு இரக்கம் பார்க்காமல் அடிக்கும்படி எடுத்துச் சொல்ல வேண்டும்.

சம்பந்தியம்மாவுக்கு என் வணக்கம். அவர் கொடுத்தனுப்பிய எலுமிச்சை ஊறுகாய் தீர்ந்துவிட்டதைத் தகவலுக்காகத் தெரிவித்துக்கொள்கிறேன். தாங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல் நூறாண்டு வாழ வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள,
தங்கராஜு

பின்குறிப்பு (திங்கள்): தபால்தலை ஒட்டிவிட்டபடியால் இதிலேயே தொடர்கிறேன். மேலே எழுதிய அனைத்தையும் தயவுசெய்து மறந்துவிடவும். நேற்று முகவரியைச் சரிபார்க்கச் சொல்லி உறையை ரோஷினியிடம் கொடுத்தேன். அவள் கடிதத்தையே எடுத்துப் படித்துவிட்டுச் சமையலறைக் கதவைச் சாத்தினாள். "அப்பா, அவரு விட்டெல்லாம் கொடுக்கலப்பா. அவருக்கு வரவே மாட்டேங்குது. டெய்லி எம்ஆர்டி ரயில்ல வீடியோ பார்த்துப் பழகுறாரு, உங்களை ஒரு தடவையாச்சும் ஜெயிச்சிடணும்னு." எனக்கு மனசு ஒரு மாதிரி ஆகிவிட்டது. ஒரு ஆட்டமாவது அவருக்கு விட்டுக்கொடுக்கலாம் என்று, ஹாலில் ஆட்டம் தொடங்கியதும் கன்ட்ரோலரைச் சோபாவில் வைத்துவிட்டுச் சும்மா இருந்தேன். அவர் ஆள் ஓடி வந்து, என் ஆளைத் தாண்டிக் குதித்து, மேடைக்கு வெளியே விழுந்துவிட்டான். அதுவும் என் கணக்கில் வெற்றிதான். மாப்பிள்ளை என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அடுத்த போட்டியில் குடும்ப ஜோடிப் பிரிவும் இருக்கிறதாம். "மாமா, நாம ரெண்டு பேரும் சேர்ந்து ஆடுவோமா? நீங்க பக்கத்துல இருந்தா எனக்குப் பயமில்ல" என்றார். ஆனால் ஒருவர் ஒரு பிரிவில்தான் பெயர் கொடுக்கலாம். மாப்பிள்ளை வாய்விட்டுக் கேட்டதை மறுக்கும் பழக்கம் எங்கள் குடும்பத்தில் இல்லை. மூவர் அணியில் என் இடத்தில் சேர்ந்துகொள்ளும்படி ருக்கையாவின் நாத்தனாருக்கு இன்று காலை நானே போன் செய்து சொல்லிவிட்டேன்.