மொல்தோவின் நாற்பதாம் பக்கம்

கோக்-அரிக்,
செப்டம்பர் 21

மிகுந்த மரியாதைக்குரிய தொக்தோசுன் பெரியப்பாவுக்கு,

உங்கள் தம்பி மகள் பெர்மெத் எழுதுவது. இங்கே எல்லோரும் நலம், மாடுகளும் நலம், சினைக் குதிரை மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறது. பிஷ்கெக்கில் உங்கள் முழங்காலும் பெரியம்மாவின் தூக்கமும் சீராக இருக்கும் என்று நம்புகிறேன். எசென்தூர் மொல்தோவின் கபரில் பெயர் பொறித்த கல் நட்ட விழா எப்படி நடந்தது என்று போனில் கேட்டீர்கள். "நல்லா நடந்துச்சு" என்று சொல்லி வைத்துவிட்டேன். பக்கத்தில் ஆட்கள் இருந்தார்கள்.

இந்தப் பள்ளத்தாக்கின் கதையை முதன்முதலில் காகிதத்தில் எழுதியவர் அவர். நூறு வருடத்துக்கு முன்னால் கூடாரம் கூடாரமாகக் கோவேறு கழுதையில் போய், கேட்டுக் கேட்டு எழுதினார். பிள்ளைகுட்டி கிடையாது. அந்த ஒரே கையெழுத்துப் பிரதி என் நூலக அலமாரியில் இருப்பதாலும், பழைய எழுத்தை ஊரில் நான் ஒருத்திதான் வாசிப்பேன் என்பதாலும், அவருக்கு வாரிசு நான்தான் என்று மனதுக்குள் ஒரு நினைப்பு. நாற்பதாம் பக்கத்தில், ஓர் இலையுதிர் காலத்தில் யார் யாருடைய குதிரைகளை எத்தனை ஓட்டிக்கொண்டு போனார்கள் என்று பெயர் பெயராக எழுதியிருக்கிறார். அன்றைய பெரிய மனிதர்கள் பெயர்களை அடித்துவிடச் சொன்னார்களாம். ஓரத்தில் சின்ன எழுத்தில் ஒரு குறிப்பு இருக்கிறது: "இன்று பதினொரு சவுக்கடி. பெயர்கள் அப்படியே இருக்கின்றன." விழாவில் அந்தப் பக்கத்தைத்தான் முழுதாக வாசிக்க வேண்டும் என்று நான் ஒற்றைக் காலில் நின்றேன்.

விழாக்குழுத் தலைவர், நம் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் கல்மாம்பெத், அந்தப் பக்கத்தை மட்டும் நான் புது எழுத்தில் எழுதிக் கொடுக்க வாங்கிப் பார்த்துவிட்டு, சரி என்றார். ஆனால் பெண்கள் கபரஸ்தானுக்குள் போகக் கூடாதே. எனவே நான் மதிலுக்கு வெளியே டிராக்டர் டிரெய்லரில் ஏறி மைக்கில் வாசிப்பது, ஆண்கள் உள்ளே உட்கார்ந்து கேட்பது என்று முடிவாயிற்று. முதல் நாள் மாலை அவரே ஒரு தாளைக் கொண்டுவந்து கொடுத்தார். நாற்பதாம் பக்கம், சுத்தம் செய்யப்பட்டது. "அந்த இலையுதிர் காலத்தில் நாற்பது குதிரைகள் கணவாயைத் தாண்டின." அவ்வளவுதான். குதிரைகள் கூடிப் பேசி முடிவெடுத்துக் கிளம்பியது போல.

"பொண்ணே, மாவட்டத் தலைவரோட முப்பாட்டன் பேருதான் அதுல முதல்ல நிக்குது. மைக்கைப் போட்டு அவரைத் திருடன்னு சொல்லுவியா? அடுத்த மாசம் உன் நூலகத்துல உருளைக்கிழங்கு மூட்டை அடுக்கிடுவாங்க" என்றார். விழாவுக்கு முன்னால் நீங்களும் போனில் அதையேதான் சொன்னீர்கள், பெரியப்பா. எனக்கும் பயம்தான்.

ஆகவே விழாவன்று தாளைத்தான் வாசிக்க ஆரம்பித்தேன். மதிலுக்கு மேலே வெள்ளைக் கம்பளித் தொப்பிகளின் நுனிகள் மட்டும் தெரிந்தன. டிரெய்லருக்குக் கீழே ஜிபார் அக்கா பெரிய இரும்புச் சட்டியில் போர்சோக் மாவுத் துண்டுகளைப் பொரித்துக்கொண்டிருந்தாள். குதிரைகள் கணவாயைத் தாண்டிய இடம் வந்ததும் கரண்டியை நிறுத்திவிட்டு, மைக்கில் விழும்படியாகவே கேட்டாள்: "அதுங்களா போச்சா? எங்க வீட்டுக் கழுதையைத் தண்ணி காட்டவே நாலு பேரு தள்ள வேண்டியிருக்கு!"

பெண்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, வெட்கம் வந்தது. அந்த மனிதர் பதினொரு அடி வாங்கிக் காப்பாற்றிய பெயர்களை நான் ஓர் உருளைக்கிழங்கு மூட்டைக்குப் பயந்து விழுங்குகிறேனே என்று தாளை மடித்து வைத்துவிட்டு, புத்தகத்தைத் திறந்து வாசித்தேன். "ஓட்டியவர்கள்: பைசக், பன்னிரண்டு குதிரை. ஜான்தாய், ஒன்பது..."

உள்ளே ஒரு தொப்பியும் அசையவில்லை. அப்புறம் மாவட்டத் தலைவர் சத்தார்பெக்கின் குரல்.

"தங்கச்சி! அந்த முதல் பேரை இன்னொரு தடவை படி!"

படித்தேன்.

"பன்னிரண்டு! கேட்டீங்களாய்யா? வீட்ல ஏழுன்னுதான் சொல்லிட்டிருந்தோம். எழுத்துலயே இருக்கு!"

அவ்வளவுதான், பெரியப்பா, கபரஸ்தான் சந்தையாகிவிட்டது. மதில் மேல் தலைகள் முளைத்தன. "எங்க தாத்தா பேரு எங்கே?", "எங்காளு என்ன, குளிர் காய்ஞ்சிட்டா இருந்தாரு?" என்று ஆளுக்கு ஆள் கத்தினார்கள். அப்திகாலிக் கிழவர் மதில் மேலேயே ஏறி உட்கார்ந்து, "எங்க அப்பாரு பதினஞ்சு ஓட்டினவரு. பேனா இருக்குல்ல, ஓரமா எழுதிக்கோம்மா, யாரு பார்க்கப் போறா" என்றார். முதல் நாள் பெயரை எடு என்றவர்கள் மறுநாள் பெயரைச் சேர் என்கிறார்கள். அப்போதுதான் என் குரல் உயர்ந்தது. "மொல்தோ எழுதினதுல ஒரு எழுத்தைக் கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன். வேணும்னா என்னையும் சவுக்கால அடிங்க!" என்றேன். என் வாயிலிருந்துதான் வந்ததா என்று இன்னும் சந்தேகமாக இருக்கிறது.

அடுத்த வரியை வாசித்தபோதுதான் இன்னொரு விஷயம் வெளியே வந்தது. குதிரைகளை இழந்தவர் என்று இருந்தது கல்மாம்பெத்தின் முப்பாட்டன் பெயர். பக்கத்திலேயே, "காவல் இருந்தவர் தூங்கிவிட்டார்." தலைமையாசிரியர் மறைக்கப் பார்த்தது திருடர்களை அல்ல! தொப்பியை இழுத்து முகத்தில் விட்டுக்கொண்டாராம். சத்தார்பெக் அவரைக் கட்டிப்பிடித்து, "வாத்தியாரே, உங்க குதிரை ஜாதிக் குதிரை. அதோட வம்சம் இன்னிக்கும் எங்க லாயத்துல நிக்குது, சும்மா சொல்லக் கூடாது" என்று ஆறுதல் சொன்னாராம். பிறகு ஃபாத்திஹா ஓதி எல்லோரும் முகத்தைத் தடவிக்கொண்டார்கள். கல்லில் மொல்தோவின் பெயர் வெயிலில் மின்னியது என்றார்கள். நான் பார்க்கவில்லை, மதில் உயரம். ஆனாலும் இந்த ஊரில் பிறந்ததற்கும், எழுத்தை மறைக்காத குடும்பத்தில் வந்ததற்கும் இவ்வளவு பெருமை எனக்கு எந்நாளும் இருந்ததில்லை.

உங்கள் வீட்டு வாசலில் விருந்தாளிகளும், அடுப்பில் தேநீரும் குறையாதிருக்கட்டும். பெரியம்மாவுக்கு என் சலாம்.

இப்படிக்கு,
உங்கள் பெர்மெத்

பின்குறிப்பு: நாற்பத்தொன்றாம் பக்கத்தை நான் வாசிக்கவில்லை. அதில் நம் முப்பாட்டனார் வருகிறார். அவரும் அன்று கிளம்பிப் போனவர்தான். மூடுபனியில் வழி தவறி, கணவாய் தாண்டி எட்டுக் குதிரை ஓட்டிக்கொண்டு போனார். விடிந்த பிறகு பார்த்தால் எட்டும் நம்முடையவை. நான் "பக்கம் முடிந்தது" என்று சொல்லி மைக்கை அணைத்தேன். தலைமையாசிரியர் விழாவுக்கு மறுநாளிலிருந்து தினமும் நூலகத்துக்கு வந்து என்னிடம் பழைய எழுத்து கற்றுக்கொள்கிறார். மெதுவாகத்தான் பிடிபடுகிறது, நாற்பத்தொன்றை எட்ட இன்னும் சில நாள் ஆகும். நீங்கள் ஊருக்கு வருவதாக இருந்தால் இந்த மாதமே வந்துவிட்டுப் போவது நல்லது.