மாதா ஏன் இன்னும் உன் வீட்டுக்கு வரவில்லை

கொட்டாஞ்சேனை,
செவ்வாய் பின்னேரம்.

அன்புத் தம்பி கிளறன்ஸுக்கு,

இறைவன் அருளால் இங்கு நாங்கள் நலம்; உங்கள் நலத்துக்கும் மன்றாடுகிறோம். நான்கு நாளாக நீ போனை எடுக்காததால் எழுதுகிறேன்.

நான் படிப்பித்த காலத்தில் அஷ்ரப் என்றொரு மாணவன் எழுந்து கேட்டான்: "சேர், கடவுள் உங்கட ஆக்களத் தெரிஞ்செடுத்தவர் எண்டுறீங்க. எதுக்குத் தெரிஞ்செடுத்தவர்?" நல்ல வேளையாக மணி அடித்தது. பதில் எனக்கு நேற்றுத்தான் கிடைத்தது.

செபமாலை மாதத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் வீடு வீடாகப் போகும் மாதா சுரூபம் எங்கள் வீட்டில் ஒரே ஒரு இரவு தங்கி, மறுநாள் உன் வீட்டுக்கு வந்திருக்க வேண்டும். ஆனால் மாதா உள்ளே வந்த பின்னேரமே, உன் அண்ணி மாக்ரெட் சொல்லிவைத்திருந்த புது இரும்புக் கேற்றை வெல்டிங் இராமர் வாசலில் சட்டத்தோடு பொருத்திவிட்டு, பதுளைக்குக் கலியாணத்துக்குப் போய்விட்டார். மறுநாள் தூக்கினால், மாதாவின் பெட்டி, கேற்றுச் சட்டத்தால் ஒடுங்கிய வாசலைவிட இரண்டு அங்குலம் அகலம். சரித்தோம், திருப்பினோம், முழந்தாளில் நின்றும் தள்ளினோம். பின்கதவு பூனைக்கே போதாது என்பது உனக்குத் தெரியும்.

மாக்ரெட் கையைக் கூப்பிவிட்டாள். "மாதாவுக்கே போக மனமில்ல. எங்களத்தான் தெரிஞ்செடுத்திருக்கிறா. நீங்க ஏன் தள்ளுறீங்க?"

கதை பரவியது. முதல் நாள் பன்னிரண்டு பேர், மூன்றாம் நாள் அறுபது பேர், ஐந்தாம் நாள் வத்தளையிலிருந்து வான் பிடித்து ஒரு கூட்டம். எல்லாருக்கும் தேத்தண்ணி, சிலருக்குக் கக்கூசு, ஒரு அம்மாவுக்குக் கால் நீட்ட என் கட்டில். நான் குசினியில் பாயில் படுக்கிறேன். நேற்று மாக்ரெட் இருநூற்றி எண்பதாவது கோப்பையைக் கழுவியபடி மாதாவைப் பார்த்துச் சொன்னாள்: "தாயே, எங்களத் தெரிஞ்செடுத்தது போதும். வேற ஆரையும் பாருங்கோ."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. வகுப்பில் மொனிட்டரைத் தெரிந்தெடுப்பது அவன் நல்ல வடிவான பிள்ளை என்பதற்காகவா? இல்லை, கரும்பலகை துடைக்க. நாங்களோ இவ்வளவு காலமும் மொனிட்டர் பட்ஜைச் சட்டையில் குத்திக்கொண்டு பலகையைத் துடைக்காமல் நின்றிருக்கிறோம்.

வியாழக்கிழமை உன் மகள் ஷெரோமி இத்தாலிக்குப் போகிறாள். வீட்டில் மாதாவுக்கு முன்னால் ஒரு மெழுகுதிரி கொளுத்தாமல் பிளேன் ஏறமாட்டேன் என்று அவள் அழுவதும் தெரியும். "அண்ணன் மாதாவப் பிடிச்சு வச்சிருக்கிறார்" என்று நீ கோயில் வாசலில் சொன்னதும் தெரியும். கோபிக்காதே. இராமர் இன்று திரும்பி வருகிறார். புதுக் கேற்றை வெட்டியாவது அனுப்புவேன். மாக்ரெட் அழுதாலும் அனுப்புவேன்.

மாதாவின் மன்றாட்டு உன் வீட்டார் எல்லாருக்கும் நிழலாக இருக்கட்டும்.

உன் அண்ணன்,
அ. சவுந்தரநாயகம்

பி.கு.: இராமர் இரும்பு அறுக்கும் வாளோடு வந்தார். செருப்பைக் கழற்றி, மாதாவைக் கும்பிட்டு, பெட்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "சேர், பின்னுக்குத் திறக்கிற கொளுக்கி ஒண்டு இருக்கு. மாதாவ மட்டும் வெளிய எடுக்கலாம்தானே?" ஒன்பது நாள், முந்நூறு விசுவாசிகள், ஒரு சுவாமியார், ஒருவருக்கும் தோன்றவில்லை. ஆகவே கேற்றைப் பற்றி மேலே எழுதியதை எல்லாம் மறந்துவிடு. உன்னிடம் வரும் ஓட்டோவில் மாதா இராமரின் மடியில், இந்தக் கடிதம் அவருடைய சேட்டுப் பையில். மனுஷன் பதுளை பஸ்ஸால் இறங்கி நேரே இங்கே வந்தவர், இன்னும் ஒன்றும் குடிக்கவில்லை. ஷெரோமியிடம் சொல்லு: முதலில் அவருக்கு ஒரு தேத்தண்ணி, பிறகு மெழுகுதிரி.