பென்சிலை உரித்தவர்

வாசகரே, மேல்ரகப் பிரியர் என்றோர் இனம் உண்டு. எதற்கும் ஒரு படி மேலே இன்னொன்று வந்துவிட்டதாகக் காதில் விழுந்தால் போதும், கையில் இருப்பது அவருக்குக் கசந்துவிடும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டு, சொந்தக் கையால் மூன்று பட்டறை வைத்த எனக்கு இவர்களை முதுகைப் பார்த்தே அடையாளம் தெரியும்.

அப்படி ஒருவர், எங்கள் குடியிருப்பின் மூன்றாம் மாடிக்காரர். மகளுக்கு ஒன்பது மணிக்கு ஓவியத் தேர்வு. எட்டு மணிக்கு அவளுடைய நான்கு பென்சில்களும் சாப்பாட்டு மேசையில் பிளந்து கிடந்தன.

“உள்ள இருக்கறது கிராஃபைட். வெறும் அடுக்கு, தொட்டாலே வழுக்கிக்கிட்டு வரும். சொரணை கெட்ட சாமான்! அதுல ஒரே ஒரு அடுக்கை உரிச்சு எடுத்தா கிராஃபீன். எஃகைவிட இருநூறு மடங்கு பலம்!”

“அந்த டம்ளரைக் கொஞ்சம் தள்ளி வைங்க, கவுந்துடும்,” என்றாள் மனைவி.

ஒட்டும் நாடாவைக் கரிமேல் ஒட்டினார், உரித்தார், உரித்ததன்மேல் மறுபடி ஒட்டினார், விரல் கறுத்தது, மூக்கு அரித்தது, மூக்கும் கறுத்தது, அரை மணி நேரம் அதே பிழைப்பு. திடீரென்று கத்தினார்.

“கெடைச்சிடுச்சு! யாரும் மூச்சு விடாதீங்க!”

“எங்க மாப்ள?” என்று குனிந்தார் மாமனார்.

“கண்ணுக்குத் தெரியாது மாமா. ஒரு அணு கனம்தான்.”

மாமனார் தும்மினார். போயிற்று! இருந்ததா என்று யார் கண்டது?

சீருடையில் வந்து நின்றாள் மகள்.

“அப்பா, கிராஃபீனால படம் வரைய முடியுமா?”

“எப்படிம்மா முடியும்? அடுக்கு அடுக்கா வழுக்கி வந்து காகிதத்துல ஒட்டினாத்தானே கோடு விழும்? அதுக்கு கிராஃபைட்டுதான்...”

நாக்கைக் கடித்துக்கொண்டார். கடை திறக்கப் பத்து மணி ஆகும்.

ஒடிந்த கரித்துண்டுகளில் நீளமானதை மகள் பொறுக்கினாள், அப்பாவின் நாடாவையே அதில் சுற்றிப் பிடி செய்துகொண்டாள், கிளம்பிவிட்டாள். தேர்வில் வந்த தலைப்பு: ‘இன்று காலை நான் பார்த்த காட்சி.’

நூற்றுக்குத் தொண்ணூறு. பத்து ஏன் போயிற்று? ‘மனிதரின் மூக்கு இயற்கையாக இல்லை’ என்று ஆசிரியை எழுதியிருந்தார்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். நன்றாக ஓடிக்கொண்டிருந்த எதையோ போன வாரம் நீங்களும் பிரித்துப் போட்டதாகக் கேள்வி. எதற்கும் ஒருமுறை கண்ணாடியில் மூக்கைப் பார்த்துக்கொள்ளுங்கள்.