பித்தளை அண்டாவுக்கு முப்பத்தேழு டிகிரி

கணக்குச் சரியாக வந்துவிட்டால் உலகமும் சரியாக இருக்கும் என்று நம்பிய வயது எனக்கும் இருந்தது. (பட்டம் வாங்கிய புதிது.) பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் பௌதிக ஆய்வுக்கூட உதவியாளன் நான்.

சூடான பொருள் கண்ணுக்குத் தெரியாத கதிரை வீசும். அந்தக் கதிரைக் கருவியில் பிடித்து, சூத்திரத்தில் போட்டால், தொடாமலே வெப்பம் தெரியும். கல்லூரியில் கரிபிடித்த இரும்புச் சட்டியை வைத்து இதைச் செய்து பார்த்திருந்தேன். விடை அச்சுப்பிசகாமல் வந்தது. தலைக்கனமும் கூடவே வந்தது.

திருநெல்வேலி டவுணில் பாத்திரக்கடை வைத்திருந்த ஞானமுத்து அண்ணாச்சியின் மகள் எஸ்தரைப் பெண் பார்க்கப் போனபோது, அந்தக் கருவியையும் தூக்கிக்கொண்டு போனேன். (பூ வாங்க மறந்துவிட்டேன்.) எஸ்தர் பள்ளிக்கூட ஆசிரியை. அசத்திவிட வேண்டாமா?

அப்போதுதான் வெந்நீரோடு அடுப்பிலிருந்து இறக்கிய பித்தளை அண்டா முற்றத்தில் இருந்தது. மாப்பிள்ளை வருகிறார் என்று மேல்பாதியைப் புளி போட்டு, முகம் பார்க்கும்படி தேய்த்திருந்தார்கள். அங்கே கருவியைக் காட்டினேன். முள் லேசாக அசைந்தது. கணக்குப் போட்டேன்.

"முப்பத்தேழு டிகிரி. நம்ம உடம்புச் சூடுதான்."

"ஆவி பறக்கே, மாப்பிள்ளை!" என்றார் அண்ணாச்சி.

"ஆவி ஏமாத்தும் மாமா, கணக்கு ஏமாத்தாது" என்று உள்ளங்கையை அண்டாவில் பதித்தேன்.

என் அலறல் நெல்லையப்பர் கோயில் வரை கேட்டிருக்கும்.

கையைப் பச்சைத் தண்ணீரில் முக்கிக்கொண்டு நின்றபோது, முற்றத்துக்கு வந்த எஸ்தர் கேட்டாள்: "அடியில தேய்க்கலையே. அந்தக் கரிப்பக்கம் காட்டினா என்ன சொல்லும்?"

காட்டினேன். முள் துள்ளியது. தொண்ணூறுக்கு மேல்! அதே அண்டா, அதே தண்ணீர். கரிப்பரப்பு கதிரைத் தாராளமாக வீசுகிறது. பளபளப்பு கஞ்சத்தனம் செய்கிறது. என் சூத்திரமோ எல்லாவற்றையும் கரியென்றே நினைத்திருந்தது. எரிச்சலை மறந்து, சிரித்துக்கொண்டே மேலும் கீழுமாக மாற்றி மாற்றி அளந்தேன். அவள் எண்களைக் குறித்துக்கொண்டாள்.

"கை வெந்துபோச்சேன்னு நான் பதறுதேன், இவரு சிரிக்காரு!" என்று அண்ணாச்சி தலையில் கைவைத்தார். "கொதிக்கிற தண்ணியே தெரியாதவருக்கா உன்னக் குடுக்க?"

"தப்புன்னு தெரிஞ்சதும் திரும்ப அளந்தாகளே அப்பா. எனக்குச் சம்மதம்."

கல்யாணம் நடந்தது. ஆனால் இன்றும் வீட்டில் குழந்தைக்குக் காய்ச்சல் என்று நான் கருவியோடு எழுந்தால், எஸ்தர் முந்திக்கொண்டு வந்து நெற்றியைத் தொட்டுப் பார்ப்பாள்.

"நீங்க இருங்க. பிள்ளைக்கு இப்பத்தான் முகம் கழுவி விட்டிருக்கேன். பளபளன்னு இருக்கான், காய்ச்சலே இல்லைன்னு சொல்லிருவீக!"